117 வோல்ட் வால்வ் அம்ப்ளிபயர் நம் மின்சாரத்தில் ஓடுமா?

கேள்வி: அமெரிக்கப் பழைய வால்வ் அம்ப்ளிபயர் ஒன்று வைத்திருக்கிறேன். 117 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமரின் பிரைமரியை (மின்சாரம் உள்ளே வரும் சுருளை) மட்டும் இரட்டிப்பாகச் சுற்றினால் போதுமா? (ஹட்டன் வாசகர்)

பதில்: போதாது. நமக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதிர்வெண் குறைவதால் இரும்புக் கருவில் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடி, சூடேறி உறுமும். வோல்டுக்கு 3 சுற்று இருந்தால் 3.6 ஆக்குங்கள்; 230க்கு 828 சுற்று. செகண்டரிகளின் (மின்சாரம் வெளியே வரும் சுருள்களின்) சுற்றுகளையும் 1.2 மடங்காக்க வேண்டும், இல்லையேல் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.25தான் கிடைக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இடத்துக்குள் அடங்க, பிரைமரிக் கம்பியின் விட்டம் பழையதில் 0.65 பங்கு, செகண்டரிக்கு 0.9.

மலைநாட்டு ஈரம் சுருளுக்குள் இறங்கிவிடும். வார்னிஷில் தோய்க்கும் முன் 100 பாகையில் நன்றாக உலர்த்துங்கள். பியூஸ் பழைய அளவில் பாதி. செகண்டரிகளை எதிலும் இணைக்காமல், பிரைமரியோடு 60 வாட் இழை பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்ப் பிரகாசமாக எரிந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டிருக்கின்றன.