தாய் பாதி, தந்தை பாதி: டி.என்.ஏ பகிர்வு பற்றிய கேள்வி பதில்

மல்லாவி, உயர்தர மாணவி: வெளிநாட்டிலுள்ள மாமாவும் அவருடைய மகனும் உமிழ்நீர்ப் பரிசோதனை செய்தார்கள். 47.5 சதவீதமே பொருந்தியது. 50 வர வேண்டாமா?

தங்கச்சி, அது சரியான அளவுதான். டி.என்.ஏயைச் சுமக்கும் நிறமூர்த்தங்களில் 22 சோடிகளிலும் தந்தை ஒவ்வொன்றைத் தருகிறார்; 23ஆம் சோடியில் மகனுக்கு அவர் தருவது வை, எக்ஸ் அன்று. எக்ஸையும் மொத்தத்தில் சேர்த்து எண்ணும் நிறுவனம் தந்தைக்கும் மகனுக்கும் 47.5 என்றும், தந்தைக்கும் மகளுக்கும் 50 என்றும் காட்டும்.

ஒட்டுசுட்டான்: அப்படியானால் பாதிக்குப் பாதி என்று படிப்பித்தது பிழையா? என் மகன் என்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறான். அவனிடம் என்னுடையதுதான் கூட இருக்க வேண்டும்.

ஐயா, முகத்தைக் கொண்டு கணக்குப் பார்க்காதீர்கள். முகச்சாயல் என்பது எந்தப் பரம்பரையலகு வெளிப்படுகிறது என்பதைப் பொறுத்தது, எவ்வளவு வந்தது என்பதையன்று. உண்மையில் எந்த மகனிடமும் தாயின் பங்கே சற்றுக் கூட: எக்ஸில் ஏறத்தாழ 15.5 கோடி டி.என்.ஏ எழுத்துகள் உண்டு, வையில் 6 கோடியளவுதான்.

ஒட்டுசுட்டான் (மீண்டும்): ஊரே சொல்கிறதே!

ஊர் பார்ப்பது மூக்கையும் நடையையும். உங்கள் மகனுடைய ஈரலும் எலும்பும் குருதியும் யாரைப் போல என்று ஊருக்குத் தெரியாது. அவனுக்கு உங்களிடமிருந்து 23 நிறமூர்த்தங்கள் வந்தன, தாயிடமிருந்தும் 23 வந்தன. அவன் யாரைப் போல இருந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது.

கிளிநொச்சி: எனக்கும் அக்காவுக்கும் 43 சதவீதம்தான். ஒரே தாய் தந்தை இல்லையா?

சந்தேகம் வேண்டாம். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையில் பாதி என்பது நிலையானது; உடன்பிறந்தோருக்கு அது சராசரி மட்டுமே, 38 முதல் 61 வரை போகும். சிவப்போலை ஒன்றையும் வெள்ளோலை ஒன்றையும் அருகருகே வைத்து, ஓரிரு இடங்களில் நறுக்கி, துண்டுகளை மாற்றி ஒட்டி, ஒன்றை மட்டும் எடுங்கள். அம்மம்மாவின் நிறமூர்த்தமும் அம்மப்பாவின் நிறமூர்த்தமும் சூலுக்குள் அப்படித்தான் போகின்றன. ஒரு சூலில் 40க்கு மேற்பட்ட இத்தகைய துண்டு மாற்றங்களும், ஒரு விந்தில் 26 அளவிலும் நிகழும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நறுக்கு வேறு.

நெடுங்கேணி: தம்பிக்கும் எனக்கும் 56...

மேலே விடை உண்டு. இதே கேள்வி வேறு மூவரிடமிருந்தும் வந்திருக்கிறது. தயவுசெய்து முதலில் வாசியுங்கள்.

புளியங்குளம்: கணவர் ஏ, நான் பி, பிள்ளை ஓ. வீட்டில் பேச்சு வருகிறது.

இருவரும் மறைந்த ஓ ஒன்றைச் சுமந்தால் நாலில் ஒரு பிள்ளை ஓவாகலாம். முகத்தையும் குருதி வகையையும் கொண்டு ஒரு பெண்ணைச் சந்தேகிப்பது பெரும் அநியாயம். இதை அவர்களிடம் காட்டுங்கள்.

முள்ளியவளை, ஒரு தாய்: 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட என் மகனைத் தேடுகிறேன். கணவர் இறந்துவிட்டார். எனக்குப் பதிலாக மகளின் மாதிரியைக் கொடுத்தால் போதுமா?

அம்மா, 2023இல் முல்லைத்தீவின் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்கு வெட்டிய இடத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்ட நாளிலிருந்து பலர் இதைக் கேட்கிறார்கள். மகளுடையது உதவும், ஆனால் உங்களுடையதற்கு ஈடாகாது. ஆய்வாளர் பார்ப்பது, குறித்த சில இடங்களில் சிறு எழுத்துக்கோவை எத்தனை முறை திரும்பி வருகிறது என்பதை. எலும்பு ஓரிடத்தில் 12, 15 என்று காட்டினால், அவற்றுள் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அரிதாக ஒரு விகாரம் எண்ணை மாற்றும். அதனால் ஒரே இடத்து முரண்பாட்டை வைத்து உறவை மறுப்பதில்லை. மகளுக்கோ ஏறக்குறையக் காற்பங்கு இடங்களில் இரண்டு எண்ணும் பொருந்தும், அரைப்பங்கில் ஒன்று பொருந்தும், மீதியில் ஒன்றுமே பொருந்தாமல் போகலாம். ஆகவே நீங்கள் முதலில் கொடுங்கள், பிள்ளைகள் எல்லோரும் பின்னால் கொடுக்கட்டும். எல்லாம் சேர்ந்தால் கணவரின் எண்களையும் பெருமளவு மீட்கலாம்.

தாயிடமிருந்து மட்டுமே வரும் இழைமணி (கலத்துக்குச் சக்தி தரும் சிறு உறுப்பு) டி.என்.ஏ, ஒரு கலத்தில் பல பிரதிகளாக இருப்பதால், பழைய பல்லிலும் தொடையெலும்பிலும் தப்பியிருக்கக்கூடும். உங்கள் தங்கைமாரின் பிள்ளைகளுக்கும் அதுவே இருப்பதால், அது தனியே முடிவாகாது.

முள்ளியவளை: எனக்குச் சீனி வருத்தம். கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம், அம்மா. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தாலே போதும். சீனியோ மருந்தோ அதைக் கெடுக்காது. உறையில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று மகளை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.