விளையாடும்போது விழுந்த நாய் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டது, டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: நான்கு வயது லேப்ரடார், மாலையில் மொட்டை மாடியில் பந்து விளையாட்டு, இருபது நிமிடத்தில் பின்னங்கால் துவண்டு விழுந்தது. தண்ணீர் ஊற்றியதும் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டது. இப்போது வாலை ஆட்டிக்கொண்டு சாதாரணமாக இருக்கிறது, டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா?

போக வேண்டும். இன்று இரவே. இது உடம்பு அளவுக்கு மீறிச் சூடேறும் ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். மீதிப் பதிலைக் கிளினிக்கில் காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஜூலியும் லேப்ரடார்தான். மூன்று வருடத்துக்கு முன், ஒரு அக்டோபர் மாலை, திருவான்மியூர் கடற்கரையில் இதே மாதிரி விழுந்தாள். அன்று வெயிலே இல்லை. மழைக்கு முந்திய புழுக்கம், வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லையே என்ற தைரியத்தில்தான் கூட்டிப் போனேன். அக்கா மகன் பந்தை வீச வீச, கால் புதையும் மணலில் ஓடி ஓடி எடுத்து வந்தாள். நாக்கைத் தொங்கப் போட்டு நின்றவளைப் பார்த்து, “எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாரு” என்று சொன்னவன் நான்தான். அந்த நாக்கை நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும். நுனி கரண்டி போல விரிந்து, ஓரங்கள் மேலே சுருண்டிருந்தன. எச்சில் கஞ்சி மாதிரி கெட்டியாகி வாயோரத்தில் கயிறாகத் தொங்கியது, அதில் மணல் ஒட்டியிருந்தது. ஈறு செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

கடைசி ஓட்டத்தில் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. விழுந்த பிறகும் முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு பந்தை நோக்கி நகர்ந்தாள். இன்றைக்கும் அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்த இன நாய்கள் களைத்துப் போனால் தானாக நிறுத்தும் என்று நம்பவே கூடாது. நாம் வீசுகிற வரைக்கும் அவை ஓடும்.

சுண்டல் விற்கும் அக்கா ஒருவர் இரண்டு குடம் தண்ணீரைக் கொடுத்து, “தம்பி, தலையில மட்டும் ஊத்தாதே, உடம்பு பூரா ஊத்து” என்றார். ஊற்றினோம். இருபத்தைந்து நிமிடத்தில் ஜூலி எழுந்தாள், உடம்பை உதறினாள், வாலை ஆட்டினாள். சரி, மயக்கம் தெளிந்துவிட்டது என்று வீட்டுக்கு நடத்தியே கூட்டி வந்தோம். நீங்கள் இப்போது நிற்கிற இடம் அதுதான்.

அன்று இரவு அவள் சோற்றைத் தொடவில்லை. பதினோரு மணி வாக்கில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கடல் தண்ணீரைக் குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம். காலையில் பால்கனியில் கறுஞ்சிவப்பாக, கூழ் மாதிரி ரத்தம் கலந்து மலம் போயிருந்தாள். புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்தால், முடி குறைவாக இருக்கும் அடிவயிற்றில் சிவப்புப் பேனாவால் குத்தினது போல் சின்னச் சின்னப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 38,000. குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ஏறியிருந்தது.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதை அப்படியே சொல்கிறேன். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். கடுமையாக ஓடும்போது தசை உண்டாக்கும் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் 106, 107 என்று ஏறிவிடும். அந்தச் சூட்டில் ரத்தக் குழாயின் உள்சுவரும் குடலின் உள்தோலும் பழுதாகின்றன. பழுதான இடங்களில் எல்லாம் குட்டிக் குட்டியாக ரத்தம் உறைய ஆரம்பிக்கிறது. பிளேட்லெட்டும் உறைவதற்கு வேண்டிய பொருட்களும் அதிலேயே தீர்ந்துபோய், அப்புறம் கண்ட இடத்திலும் ரத்தம் கசிகிறது. சிறுநீரகமும் கல்லீரலும் அடி வாங்குகின்றன. இதெல்லாம் விழுந்த நிமிடத்தில் தெரியாது, ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வெளியே வரும். உடம்பு ஆறினதும் நாய் எழுந்துகொள்ளும். உள்ளே ஆரம்பித்தது நிற்காது.

ஜூலி நான்கு நாள் டிரிப்ஸில் கிடந்தாள். நண்பர் வீட்டு ராட்வைலரைக் கூட்டி வந்து, பொருத்தம் பார்த்து ரத்தம் ஏற்றினார்கள். அது ஒரு சத்தமும் போடாமல் படுத்திருந்ததை மறக்க முடியாது. அன்று மாலையே போயிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டர் சொன்னபோது எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வெயில் இல்லாமல் எப்படி என்று நானும் கேட்டேன். நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி என்று உதவுவது பாதத்தில்தான், அதுவும் பெயருக்கு. இரைக்க இரைக்க, நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதுதான் அதற்குக் குளிர்ச்சி. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது நடக்காது. எங்கள் அம்மா இப்போது ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: கொடியில் போட்ட துணி காயாத நாளில் ஜூலிக்குப் பந்து கிடையாது. பூட்டிய காரில் விட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். பிரிட்டனில் கால்நடை மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பத்தால் பாதிக்கப்பட்ட நாய்களில் முக்கால் பங்குக்குக் கிட்ட ஓட்டமும் உடற்பயிற்சியும்தான் காரணம். கார் ஐந்து சதவீதம்தான். குளிர் நாட்டிலேயே இப்படி என்றால் நம் ஊரைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு முறை விழுந்தால், அப்படி ஆகவே கூடாது, முதலில் தண்ணீர், அப்புறம்தான் வண்டி. நிழலுக்கு இழுத்து, குழாய்த் தண்ணீரைக் கழுத்திலிருந்து வயிறு, தொடை இடுக்கு வரை விடாமல் ஊற்றிக்கொண்டே யாராவது விசிற வேண்டும், ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது. ஈரத் துண்டைப் போர்த்தி விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் அந்தத் துண்டே சூடேறிப் போர்வை ஆகிவிடும். மயங்கிக் கிடக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். தானாகக் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். டெம்பரேச்சரை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், 103.5-க்கு வந்ததும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துபோகும். தெர்மாமீட்டர் இல்லையென்றால், இரைப்பு தணிகிற வரைக்கும் ஊற்றிவிட்டு, ஈரத்தோடேயே வண்டியில் ஏற்றி, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கிளம்புங்கள். காய்ச்சல் மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது; பாரசிட்டமாலும் இபுபுரூஃபெனும் நாய்க்கு விஷமாகவே முடியலாம்.

உங்களுடையது லேப்ரடார் என்பதால் இன்னொன்றையும் டாக்டரிடம் கேளுங்கள். இந்த இனத்தில் பரம்பரையாக வரும் ஒரு கோளாறு இருக்கிறது. ஐந்து முதல் இருபது நிமிடம் உற்சாகமாக ஓடியதும் பின்னங்கால் துவளும், நினைவு பெரும்பாலும் தப்பாது, அரை மணி நேரத்துக்குள் தெளிந்துவிடும். டிஎன்எம்1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் இதற்குக் காரணம் என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த மாற்றம் வந்திருந்தால்தான் நாய் இப்படி விழும். மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நீங்கள் சொல்கிற அடையாளம் இதற்கும் ஒத்துப்போகிறது. ஆனால், இதுவா ஹீட் ஸ்ட்ரோக்கா என்பதை ரத்தப் பரிசோதனை பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. இதயத் துடிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். குரைக்கும் குரல் சமீபமாகக் கரகரத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், தொண்டையில் மூச்சுக் கதவு சரியாகத் திறக்காத நாய்களுக்கும் இப்படி ஆகும்.

ஜூலி இப்போது 38 கிலோவிலிருந்து 31-க்கு இறங்கியிருக்கிறாள். காலை ஆறு மணிக்கு முன்னால் ஐந்தே ஐந்து வீச்சு, அதற்கு மேல் எவ்வளவு கெஞ்சினாலும் பந்து என் பைக்குள் போய்விடும்.

கிளம்பும் முன் ஒரு தாளில், விளையாட ஆரம்பித்த நேரம், விழுந்த நேரம், எழுந்த நேரம், அதற்குப் பிறகு சாப்பிட்டதா, சிறுநீர் போனதா, என்ன நிறம் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஈறையும் அடிவயிற்றையும் டார்ச் அடித்துப் போனில் படம் எடுத்து வையுங்கள், நாளைக்குப் புள்ளி வந்தால் ஒப்பிட உதவும். டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், நாளைக்கும் மறுநாளும் ரத்தப் பரிசோதனைக்குத் திரும்ப வரட்டுமா என்று நீங்களே கேளுங்கள்.