இடம் மாற்றினால் பிழைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: முக்குருத்தி தேசியப் பூங்காவில் வரையாடு நிறைய இருக்கிறதாமே. பத்து, இருபதைப் பிடித்து வந்து, ஆடே இல்லாத எங்கள் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் விட்டால் என்ன?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஆட்டைக் கொண்டுவந்து விடுவது கடைசி வேலை. அந்தச் சரிவில் அது ஏன் இல்லை என்பதற்கு முதலில் விடை வேண்டும். வேட்டையா, சுருக்குக் கம்பியா, புல்வெளியைச் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மூடிவிட்டனவா? காரணம் அங்கேயே இருந்தால், கொண்டுபோய் விடுகிற ஆட்டுக்கும் அதே கதிதான். மேயத் திறந்த புல்வெளி, சிறுத்தை வந்தால் ஏறித் தப்பச் செங்குத்துப் பாறை, இரண்டும் ஒட்டியே இருக்க வேண்டும். சீகையை வெட்டிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மண்ணில் புதைந்த விதை பல வருடம் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் கூட்டமாகக் கிளம்பும். வருடா வருடம் அதைப் பிடுங்க ஆளும் பணமும் உறுதியான பிறகே ஆட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

பிடிப்பதில்தான் அதிக ஆபத்து. மயக்க ஊசி பட்டதும் ஆடு சாயாது, சில நிமிடம் ஓடும். மிரண்ட வரையாடு ஓடுவது பாறை விளிம்பைப் பார்த்து. அங்கே கால் தள்ளாடினால் பள்ளத்தில்தான் விழும். எனவே விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி மேய்கிற ஆட்டுக்கு மட்டுமே குறி வைக்க வேண்டும். மயங்கியதும் நெஞ்சு தரையில் படும்படி படுக்கவைத்து, கழுத்தை உயர்த்தி, மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருக்களித்துக் கிடந்தால் வயிறு உப்பும். அசைபோட வரும் தீவனம் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். கண்ணைத் துணியால் கட்டினால் பதற்றம் குறையும். நெடுநேரம் துரத்திப் பிடித்த ஆட்டுக்குத் தசை சிதையும். அன்று எழுந்து நடந்ததே சில நாள் கழித்துச் செத்துப்போவதும் உண்டு. குட்டிகள் பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் பிறக்கின்றன. அந்த மாதங்களிலும் அதற்கு முந்தைய சினைக் காலத்திலும் கிட்டேயே போகக் கூடாது.

விடப்போகும் இடத்தில் வெள்ளாடு மேய்கிறதா என்றும் பாருங்கள். ஆட்டுக்கொல்லி நோயும் கோமாரியும் வீட்டு ஆட்டிலிருந்து காட்டு ஆட்டுக்குத் தாவக்கூடியவை. ஊராரின் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடுவதும் இந்தத் திட்டத்தின் செலவுதான்.

2024 கணக்கெடுப்பில் தமிழகம் முழுக்கத் தென்பட்டவை 1,031. 'நிறைய' என்று சொல்லும் எண்ணிக்கை இல்லை இது. 25.14 கோடி ரூபாயில் அரசு அறிவித்த வரையாடு திட்டத்தில், பழைய வாழிடங்களில் மீண்டும் விடுவதும் ஒரு நோக்கம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையாடு முதல் அட்டவணையில் வருகிறது. தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும் அதற்கு மத்திய அரசின் முன் ஒப்புதலும் இல்லாமல் யாரும் அதைப் பிடிக்க முடியாது.

கேள்வி: பழனி மலையின் அரிய சோலைக்காட்டு மரங்களை வீட்டு நாற்றங்காலில் வளர்த்து வெளியே நடலாமா? விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகி, கொடைக்கானல்

பதில்: வெயிலில் காயவைத்தீர்களா? நாவல், காட்டு இலவங்கம் போன்ற சோலை மர விதைகள் காய்ந்தால் செத்துவிடும். பழுத்து விழுந்ததை அன்றே சேகரித்து, சதையைக் கழுவி நீக்கி, இரண்டொரு நாளில் விதையுங்கள். பழனி மலைக்கே உரிய எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோயி, ருத்திராட்ச மரத்தின் உறவு. இந்த இனத்துக் கொட்டை கல் மாதிரி. முளைக்க மாதக்கணக்காகும், ஒரு வருடம் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. முளைக்கவில்லை என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே மரத்தடியில் மொத்தமாக அள்ள வேண்டாம். முடிந்தவரை பல தாய்மரங்களிலிருந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் எடுங்கள். காப்புக்காட்டில் பொறுக்குவதற்கு வனத்துறை அனுமதி அவசியம். அங்கிருந்து கன்றுகளையோ ஆர்க்கிட்களையோ பெயர்த்து வருவது காப்பாற்றுவது ஆகாது, திருட்டு.

பாதி வெளிச்சம் விழும் நிழல்வலைக்குக் கீழ் வளர்த்து, முழங்கால் உயரம் வந்ததும் நடலாம். நடுவதற்கு முன் சில வாரம் வலையை விலக்கிப் பழக்குங்கள். பையைக் கிழித்ததும் அடியில் சுருண்டிருக்கும் வேரை ஒரு அங்குலம் நறுக்குங்கள். அப்படியே விட்டால் சில வருடம் கழித்து அந்த வேரே மரத்தின் கழுத்தை நெரிக்கும். ஆடி, ஆவணி மழை நல்லது. ஐப்பசியில் மழை கூடுதல்தான், ஆனால் வேர் பிடிப்பதற்குள் மார்கழி உறைபனி வந்து குருத்தைக் கருக்கிவிடும். குளிர்காற்று தேங்கும் பள்ளங்களைத் தவிருங்கள்.

எங்கே நடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சோலையின் ஓரமும் வயதான சீகைத் தோப்பின் நிழலும் சரியான இடங்கள். சீகைக்கு அடியில் சோலைக் கன்றுகள் தாமாகவே வருவதைப் பார்க்கலாம். புல்வெளியில் மட்டும் நடாதீர்கள். அது காலியிடம் இல்லை, அதை நம்பிப் பிழைக்கும் உயிர்கள் வேறு.

கேள்வி: எங்கள் ஓடையில் மஹ்சீர் மீன்குஞ்சு வாங்கி விட ஆசை. எந்த வகை நல்லது?
– வாசகர், மசினகுடி

பதில்: எந்த வகையும் வேண்டாம். மோயாற்றில் வாழும் ஆரஞ்சுத் துடுப்பு மஹ்சீர் காவிரிப் படுகைக்கே உரியது. 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் (ஐ.யூ.சி.என்.) ஏறியது. காவிரியில் அது குறைந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில், இனத்தைக் காப்பதாக எண்ணிப் பண்ணையில் வளர்த்து விட்ட நீலத் துடுப்பு மஹ்சீரும் ஒன்று. உங்கள் ஓடைக்கு வேண்டியது மீன்குஞ்சு அல்ல. வெடிவைத்தும் மருந்து கலந்தும் மீன் பிடிப்பதை நிறுத்தினாலே போதும்.

கேள்வி: தோட்டத்தில் வரும் சாரைப்பாம்புகளைப் பிடித்து ஊட்டிப் பக்கம் விட்டுவிடுகிறோம். சரிதானே?
– வாசகர், கூடலூர்

பதில்: சரியில்லை. வளை எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாத பாம்பு அலைந்து திரிந்து ரோட்டில் அடிபடும். ஊட்டிக் குளிர் வேறு. யானையே விட்ட இடத்தில் அடங்குவதில்லை: 2022 டிசம்பரில் உங்கள் கூடலூரில் பிடித்து முதுமலைக்குள் விட்ட பி.எம்.2 என்ற மக்னா (தந்தமில்லாத ஆண் யானை), அடுத்த மாதமே கேரளத்தின் சுல்தான் பத்தேரி கடைவீதியில் நின்றது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்; அவர்கள் பக்கத்துப் புதரிலேயே விடட்டும். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளை ஒட்டிய குப்பையையும் எலி வளைகளையும் ஒழித்தால் சாரைக்கு அங்கே வேலையிருக்காது.