அக்கா பதில்கள்: போர்வை நனைஞ்சு போச்சு, அரிசிம்பருப்பு ஆறிப்போச்சு

கேள்வி: அக்கா, வணக்கமுங்க. நாங்க பத்துப் பதினைந்து பேர் மாசம் ஒரு சனிக்கிழமை கூடி ஒட்டுத்துணியில் குயில்ட் (மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றடுக்குப் போர்வை) தைக்கிறோம். இந்த ஐப்பசியில் அங்கன்வாடிக் குழந்தைகள் படுக்க ஒரு பெரிய விரிப்பை முடித்துவிடலாம் என்று ஓர் அக்கா வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் விரித்து வைத்திருந்தோம். திடீரென்று காற்றோடு மழை. சாரல் அடித்து மூன்றடுக்கும் நனைந்து, சிவப்புத் துணியின் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டது. கரண்டும் போச்சு. பள்ளத்தில் (ஓடையில்) தண்ணீர் வந்து தரைப்பாலம் முழுகியதால் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் வரவில்லை. வந்தது நாலே பேர். எல்லாருக்கும் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்திருந்த அந்த அக்கா, இனி என் வீட்டுக்கு வேண்டாம் என்கிறார். மழைக்காலத்தில் கூட்டமே வேண்டாம் என்கிறார்கள் சிலர். விரிப்பு வாளியில் கிடக்கிறது. என்ன செய்யட்டுமுங்க?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: அம்மணி, இதழ் அச்சாகிற வரைக்கும் அந்த விரிப்பு வாளியில் கிடந்தால் நாறிப்போகும் என்று உங்களுக்குப் போனிலேயே பாதியைச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் ஆகுமே என்று எழுதுகிறேன்.

முதலில் ஊக்குகளைக் கழற்றுங்கள். மூன்றடுக்கையும் பிடித்து வைக்கக் குத்திய ஊக்கு ஈரத்தில் கிடந்தால் மறுநாளே துருக்கறை பிடிக்கும், அது சாயத்தை விடப் பெரிய தலைவலி. அப்புறம், சாயம் இறங்கிய துணியைக் காயவிடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். காய்ந்துவிட்டால் கறை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். விசேஷத்துக்குச் சோறு வடிக்கிற அண்டா இருந்தால் எடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரை நிறைய ஊற்றி, பாத்திரம் கழுவுகிற லிக்விடு நாலைந்து ஸ்பூன் விட்டு, விரிப்பு ஒரு மூலைகூட மேலே மிதக்காமல் முழுக்க அமிழ்கிற மாதிரி ராத்திரி பூரா ஊறவிடுங்கள். மிதக்கிற இடத்தில்தான் சாயம் மறுபடியும் ஒட்டும். காலையில் தண்ணீர் சிவப்பாக இருந்தால் கொட்டிவிட்டு அதே மாதிரி இன்னொரு தடவை. தண்ணீர் தெளிகிற வரைக்கும் விடாதீர்கள். உப்புப் போடு, வினிகர் ஊற்று என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்; கடையில் வாங்கிய பருத்தித் துணியின் சாயத்தை அது நிறுத்தாது.

எடுக்கும்போது முறுக்கிப் பிழியாதீர்கள், தையல் இழுத்துக்கொள்ளும். பெரிய துண்டில் சுருட்டி அமுக்குங்கள். கொடியிலும் போடாதீர்கள், ஈரக் கனத்தில் தொங்கிப்போகும். கயிற்றுக் கட்டில் இருந்தால் அதில் பரப்பி மேலே ஃபேனைப் போட்டுப் புரட்டிப் புரட்டி விடுங்கள். அடியிலும் காற்று ஓட அதை விட நல்ல சாமான் இல்லை. ஈரத்தோடு மடித்து வைத்தால் ரெண்டு நாளில் கரும்புள்ளி வந்துவிடும். உள்ளே வைத்தது உதிரிப் பஞ்சாக இருந்தால் கட்டி கட்டியாகத் திரண்டிருக்கும். அப்படியானால் ஓர் ஓரத்தைப் பிரித்துப் பஞ்சை எடுத்துக் காயவைத்து மெத்தைக் கடையில் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். ரோலாக வாங்கிய பஞ்சு என்றால் பயமில்லை.

சரி, சண்டைக்கு வருவோம். தரைப்பாலத்தில் தண்ணீர் போகும்போது வராமல் நின்றவர்கள் செய்ததுதான் சரி. முழங்கால் ஆழம்தானே என்று வண்டியை விடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் வர முடியாது என்று ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்லையா? காலையிலிருந்து அடுப்படியில் நின்றவருக்கு அதுதான் வலி. அந்த அரிசிம்பருப்புக்கு ஆன செலவை வராதவர்களும் சேர்த்துப் பங்கு போட்டுக் கொடுங்கள், ரெண்டு பேர் நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். போனில் மன்னிப்புக் கேட்டால் ஆறாது.

மழைக்காலத்தில் கூட்டமே வேண்டாம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஈரோட்டுப் பக்கம் வருசம் பூரா பெய்தாலே 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அதில் அதிகமாக விழுவது அக்டோபர், நவம்பரில்தான். ஐப்பசி கார்த்திகையில் மழை, சித்திரையில் இடி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெட்டி வைத்த துண்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். இதற்கெல்லாம் பயந்தால் ஊசியைத் தொடவே மாசம் மிஞ்சாது. மொட்டை மாடியை விட்டுக் கீழே நடையிலோ ஹாலிலோ உட்காருங்கள். முதல் நாள் சாயங்காலம் வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பார்த்து முடிவு சொல்கிற பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள், அவர் சொன்னால் சொன்னதுதான். வானிலை மையம் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் என்று கணக்கு. அந்த அறிவிப்பு வந்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கமே ஒரு வீட்டில் கூடட்டும். அதற்கு ஏற்ற மாதிரி பெரிய விரிப்பை மூன்றடிக் கட்டங்களாகப் பிரித்துத் தையுங்கள், தனித்தனியாகத் தைத்து வெயில் நாளில் இணைத்துக்கொள்ளலாம். கரண்டு போனாலும் ஊசியை மேலும் கீழுமாக ஓட்டுகிற கைத்தையலுக்கு ஜன்னல் வெளிச்சம் போதும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கட்டிங் துண்டுகள் கிலோக் கணக்கில் சல்லிசாகக் கிடைக்கின்றன. அதில் குயில்ட் தைத்தால் நெளிந்து போகிறதே, ஏனுங்க?
(வாசகி, அவிநாசி)

பதில்: அது பின்னல் துணி, இழுத்தால் நீளும். தறித் துணியோடு கலந்து தைத்தால் ஒன்று நீளும், இன்னொன்று நிற்கும், அதனால்தான் அலை அலையாகிறது. பனியன் துணி மட்டும் தனியாகத் தையுங்கள், வெட்டுவதற்கு முன்னால் பின்பக்கம் ஒட்டுக் கேன்வாஸை (சூட்டில் ஒட்டிக்கொள்கிற பசைத் துணி) இஸ்திரி போட்டு ஒட்டிவிடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு தடவை அலசிக் காயவைத்துவிடுங்கள், சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும்.

கேள்வி: ஊக்குத் துரு பிடித்த கறை போகுமா?
(வாசகி, சென்னிமலை)

பதில்: வெள்ளைத் துணியென்றால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்து அலசுங்கள், பெரும்பாலும் போகும். கலர் துணியில் ஓரமாகச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். போகாவிட்டால் அதன் மேல் இன்னொரு துண்டை ஒட்டித் தைத்துவிடுங்கள், ஒட்டுத்துணிப் போர்வையில் அதை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?