எல்லாரும் பாஸ், சரி... வகுப்பால் பலன் உண்டா?

கேள்வி: நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆறு வாரச் சுகாதாரக் கல்வி வகுப்பு நடத்துகிறோம். முதல் நாளும் கடைசி நாளும் ஒரே வினாத்தாள் கொடுக்கிறேன், மதிப்பெண் நன்றாகவே கூடுகிறது. ஆனாலும் "இதனால் என்ன பலன்?" என்று மேலதிகாரி கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. மதிப்பீடு செய்ய முறையாகக் கற்றுக்கொள்ள ஆசை. புள்ளியியல் படிப்பில் சேரட்டுமா?

பதில்: புள்ளியியலை அப்புறம் படிக்கலாம். உங்களுக்கு இப்போது வேண்டியது, இந்த வகுப்பு முடிந்தபின் ஒருவர் தன் வீட்டில் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு வரிப் பதில். அதை வகுப்பு தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முடிந்தபின் எழுதினால், எது கூடியிருக்கிறதோ அதையே இலக்கு என்று சொல்லத் தோன்றும்.

உதாரணமாக, பாதப் பராமரிப்பு. "பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டுமா?" என்று வினாத்தாளில் கேட்டால் எல்லாரும் "ஆம்" என்றுதான் போடுவார்கள். அதற்குப் பதிலாக, "கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எப்படிப் பார்த்தீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். முழு மதிப்பெண் வாங்கிய பெரியவர் ஒருவர் குனிய முடியாமல், உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க முடியாமல் தவிப்பதை அப்போதுதான் காண்பீர்கள். அவருக்குத் தெரியாமல் இல்லை, முடியவில்லை. அவருக்கு வேண்டியது இன்னொரு வகுப்பு இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றோ வீட்டில் ஒருவரின் உதவியோதான்.

வாய்ச் சொல்லை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கை கழுவும் பழக்கத்தைப் பற்றி வங்கதேசக் கிராமங்களில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், அசைவை உணரும் கருவியைச் சோப்புக்கட்டிக்குள் மறைத்து வைத்து வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஆய்வாளர் வந்து உட்கார்ந்து கவனித்த அன்று, சோப்பு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய 35 சதவீதம் அதிகமாக அசைந்திருந்தது. யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை, நாம் எல்லாரும் பார்வைக்கு முன் அப்படித்தான்.

அதேபோல, "வகுப்பு பிடித்திருந்ததா?" என்ற படிவத்தையும் பலனாக எண்ணிவிட வேண்டாம். 1983-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' என்ற போதைத் தடுப்புக் கல்வியில் போலீஸ்காரர்களே பள்ளிக்கு வந்து பாடம் எடுத்தார்கள், நாடு முழுக்கப் பரவியது, பெற்றோருக்கும் பிடித்திருந்தது. அதன் நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2003-ல் தெரிவித்தது. இத்தனை வருட உழைப்பு! பாதியிலேயே தெரிந்திருந்தால் மாற்றியிருக்கலாமே என்று எனக்கு இன்னும் ஆதங்கம்தான்.

அடுத்து ஒப்பீடு. சர்க்கரை அளவு ஏறிப் பயந்துபோன நேரத்தில்தான் பலர் வகுப்பில் சேர்வார்கள், அப்படி உச்சத்தில் இருந்தது கொஞ்ச நாளில் தானாகவும் இறங்கும், நடுவில் மருத்துவர் மருந்தை மாற்றியிருப்பார், அந்தப் பெருமையை நம் வகுப்பு எடுத்துக்கொள்வது நியாயமில்லை. இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். அடுத்த குழுவில் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களையும் அதே இரண்டு நாட்களில் அதே மாதிரி பாருங்கள், இரண்டு குழுவின் மாற்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யார் முதல் குழு, யார் இரண்டாவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால் இன்னும் நல்லது.

நடுவில் நின்றுபோனவர்களை விட்டுவிடாதீர்கள். 40 பேர் வந்து 22 பேர் முடித்தால், உங்கள் சராசரி அந்த 22 பேரின் ஆர்வத்தைத்தான் காட்டும். நின்ற 18 பேரில் நாலைந்து பேருக்காவது போன் போட்டு, ஏன் வரவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். வகுப்பு நேரமா, தூரமா, பேசிய விதமா என்று எந்தப் படிவத்திலும் வராத விஷயம் அங்கேதான் வரும்.

வகுப்பு முடிந்து மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். "பாதத்தை எப்படிப் பார்த்தீர்கள், செய்து காட்டுங்கள்" என்ற அதே கேள்விதான், அதே ஆட்களிடம். மேலதிகாரி கேட்டால் அந்த முடிவுகளை எழுதிய தாளைக் கொடுங்கள், குறைவாக இருந்தாலும் அப்படியே கொடுங்கள்.