அப்பாவுக்குப் பொட்டாசியம் 5.9 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, வாழைப்பழத்தை நிறுத்தினால் இறங்கிவிடுமா?

உங்கள் அப்பாவுக்கு 63 வயது, பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு, ஆனால் உடம்பில் இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. போன சித்திரையில் என் அம்மாவுக்கு இதே போல வந்து, நாங்கள் பட்ட பாட்டிலிருந்து சொல்கிறேன். இன்றைக்கே ஒரு ஈசிஜி எடுங்கள், கூடவே இரத்தத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். வாழைப்பழத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

எங்களுக்குத் திருவையாறு பக்கம். கொல்லையில் வாழை, திண்ணையில் எப்போதும் ஒரு பூவன் தார் தொங்கும். அம்மாவின் ரிப்போர்ட் சாயங்காலம் ஏழு மணிக்கு போனில் வந்தது. பொட்டாசியம் 6.2. பக்கத்திலேயே 3.5 முதல் 5.1 வரை இருக்கலாம் என்று போட்டிருந்தது. அம்மா சாதாரணமாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சித்தி வந்து பார்த்துவிட்டு முதல் வேலையாகத் தாரை அவிழ்த்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். நாங்களும் காலையில் போய்க்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அது தப்பு. 6-க்கு மேல் போனால் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். பொட்டாசியம் ஏறினால் முதலில் பாதிக்கப்படுவது இதயத் துடிப்பு. வலியோ மயக்கமோ முன்கூட்டிச் சொல்லாமலே அது தடம் மாறக்கூடும். "தொந்தரவு இல்லை" என்பதை நம்பி உட்காராதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

மறுநாள் தஞ்சாவூரில் டாக்டர் முதலில் ஈசிஜி பார்த்தார், நன்றாக இருந்தது. அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "இரத்தம் எப்படி எடுத்தாங்க?"

லேபிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கு வந்து எடுத்தார். அம்மாவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி, இரண்டு முறை குத்தித்தான் எடுக்க முடிந்தது. காலை ஆறரைக்கு எடுத்த குழாயோடு அந்தத் தம்பி இன்னும் நாலைந்து ஊர் சுற்றி, மதியத்துக்கு மேல்தான் லேபுக்குப் போயிருக்கிறார். இது எல்லாமே அந்த எண்ணை ஏற்றும். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளேதான் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் அளவு வெளியே இருப்பதைப் போல இருபது மடங்குக்கும் மேல். குழாய்க்குள் கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலே போதும், ரிப்போர்ட்டில் எண் எகிறிவிடும். கையை மூடி மூடித் திறந்தால் தசையிலிருந்தும் கசியும். அதிலேயே 1 வரை கூடலாம். எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்று: அணுக்களைப் பிரிக்காத இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்தாலும் பொட்டாசியம் வெளியே கசியுமாம். குளிரில் வைத்தால் கெடாது என்றுதான் நாம் நினைப்போம்.

லேபிலேயே, பட்டையை இறுக்காமல், கையை மடக்கச் சொல்லாமல் மறுபடி எடுத்தார்கள். 5.6 வந்தது. ஆக, 6.2-இல் ஒரு பங்கு பொய், மீதி நிஜம். இதனால்தான் உங்களுக்கும் சொல்கிறேன்: "லேப் தப்பு" என்று ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடவும் கூடாது, அந்த எண்ணை அப்படியே நம்பிப் பதறவும் கூடாது.

நிஜமான பங்கு எங்கிருந்து வந்தது? சாப்பிடும் பொட்டாசியத்தில் பெரும்பகுதியைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. அது நன்றாக இருக்கும் ஆள் நாலு வாழைப்பழம் தின்றாலும் பொட்டாசியம் ஏறுவதில்லை. சிறுநீரகம் சுணங்கினால் இரத்தத்தில் ஏறும் கழிவு கிரியேட்டினின். அம்மாவுக்கு அது 1.5, இருக்க வேண்டியதைவிட அதிகம். பதினான்கு வருடச் சர்க்கரை சத்தமில்லாமல் செய்த வேலை. உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டிலும் பொட்டாசியத்துக்குப் பக்கத்திலேயே அந்த வரி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

அடுத்து மாத்திரைகள். அம்மா பிரஷருக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறார். லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் இதே போலப் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைப்பவை. இதய நோய்க்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் இன்னும் அதிகம். இந்த மாத்திரைகளே சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பாற்றவும் செய்கின்றன. அதனால் தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அளவைக் குறைப்பதா மாற்றுவதா என்று டாக்டர் சொல்லட்டும்.

எங்கள் வீட்டில் உண்மையில் வம்பு செய்தவை வேறு இரண்டு. ஒன்று, முழங்கால் வலிக்கு மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி அம்மா மூன்று வாரமாகப் போட்டுக்கொண்டிருந்த டைக்ளோஃபெனாக். அது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். வலி மாத்திரையை அம்மா மாத்திரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை, டாக்டர் கேட்டபோதும் சொல்லவில்லை. பையைக் கொட்டிக் காட்டியபோதுதான் அட்டை வெளியே வந்தது. இன்னொன்று, உப்பு. பிரஷருக்கு நல்லது என்று என் தம்பி தஞ்சாவூரிலிருந்து சோடியம் குறைந்த உப்பு வாங்கி வந்திருந்தான். அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் குளோரைடு என்று எழுதியிருக்கிறது. சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதைத்தான் போடுகிறார்கள். சிறுநீரகம் சரியாக உள்ளவருக்கு அது நல்ல உப்புதான். அம்மாவுக்கு மூன்று வேளையும் குழம்பிலும் மோரிலும் பொட்டாசியம் போய்க்கொண்டிருந்தது. (இந்துப்பு வேறு, அது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். பிரஷருக்கு அதனால் லாபமும் இல்லை.)

டாக்டர் சொன்னபடி இரண்டையும் நிறுத்தினோம். டெல்மிசார்டான் பாதி அளவானது. இரண்டு வாரம் கழித்து 4.8.

சாப்பாட்டில் கை வைக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் கோடை வந்தால் தினம் ஓர் இளநீர், கல்லடைப்புக்கு வாழைத்தண்டுச் சாறு என்று யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிவிடுகிறார்கள். கிரியேட்டினின் ஏறியவருக்கு இந்த இரண்டும் ஆகாது. கீரை, உருளைக்கிழங்கு, வாழைக்காய் சமைத்தால் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுங்கள், பொட்டாசியத்தில் ஒரு பகுதி அதோடு போய்விடும். அந்தத் தண்ணீரை ரசத்தில் சேர்த்தால் பலனில்லை. சோறு பயமில்லை, அரிசியில் பொட்டாசியம் குறைவு. அம்மா இப்போது இரண்டு நாளைக்கு ஒரு பூவன் சாப்பிடுகிறார், டாக்டருக்குத் தெரிந்துதான்.

உங்கள் அப்பாவுக்குக் கை கால் சோர்ந்து தூக்க முடியாமல் போனாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ மறு பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ரிப்போர்ட்டோடு வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், கடையில் கேட்டு வாங்கியதையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். உப்புப் பாக்கெட்டையும்.