டானா 30 முன் ஆக்சில் 35 அங்குல டயரைத் தாங்குமா?

ஜீப் ராங்ளரின் ஜேகே தலைமுறையில் (2007-2018) ரூபிகான் அல்லாத வண்டிகளில் வந்த இந்த ஆக்சில், மண் பாதையில் நிதானமாக ஓட்டினால் தாங்கும். பாறை ஏறுவதென்றால் பலப்படுத்தாமல் இறங்காதீர்கள்.

29 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனால், அதே பிடிமானத்தில், சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் மீதான முறுக்கு விசை சுமார் 20 சதவீதம் கூடும். பெரும்பாலும் முதலில் போவது, சக்கரம் திரும்பும்போதும் ஷாஃப்ட் சுழல உதவும் இணைப்பான யூ-ஜாயின்ட். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஆக்சிலேட்டரை அழுத்தும்போது யூ-ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட்டின் காதுகள் விரிந்து, அதன் கப் கழன்றுவிடும். சக்கரம் சிக்கினால் முதலில் ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். இந்தப் பழக்கம் எந்த உதிரிபாகத்தையும்விட மேல்.

வேகமாகக் குதித்து விழுந்தால் ஆக்சில் குழாய் வளையும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்வது அதன் அடையாளம். சக்கரம் திரும்ப உதவும் பால் ஜாயின்ட் தேய்ந்தாலும் அப்படித்தான், அதை முதலில் பாருங்கள். வலுவுக்காகக் குழாய்க்குள் ஸ்லீவ் (உள்குழாய்), முனையிலுள்ள சி-வடிவ பாகத்துக்கு கஸெட் (தாங்கு தகடு) வைத்து, சூட்டில் கோணாதபடி சிறு சிறு பகுதிகளாக வெல்டிங் செய்யுங்கள்.

குரோமோலி (வலுவான கலப்பு எஃகு) ஷாஃப்ட் நல்லதுதான். ஆனால் இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் லாக்கரும் சேர்ந்தால், அடுத்து ஆக்சிலுக்குள் இருக்கும் ரிங், பினியன் கியர்களின் பற்கள் உடையலாம்.